முப்பத்தெட்டு யூனிட்

கேஸ் ஏஜென்சியில் பில் போடுகிறவன் வீட்டில்
கேஸ் கீசரைக் கழற்றியாயிற்று.
"என்னவே, மிட்டாய்க் கடைக்காரன்
சீனி வேண்டாம்ங்கிற கதையால்லா இருக்கு"
என்றார் அணைந்தபெருமாள் அண்ணாச்சி.
குளியலறைக் கதவை உடைத்து
மயங்கிக் கிடந்த சபூராவைத் தூக்கிய அன்று
ஆட்டோ பிடித்துத் தந்தவரும் அவர்தான்.
அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது மொட்டைமாடியில்
ஹீட் பம்ப் உட்கார்ந்திருக்கிறது.
மேலப்பாளையத்து வெயிலில் நின்று
காற்றிலிருந்து சூட்டைக் கறக்குமாம்.
ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால்
மூன்று யூனிட் சூடு திரும்பி வரும் என்றான்
மாட்ட வந்த பையன்.
வட்டிக் கடைக்காரன்கூடச் சொல்லக் கூசுகிற பேச்சு.

பழைய ரசீதின் பின்பக்கம்
நான் என் கணக்கைப் போட்டேன்.
குளியலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர்,
பதினாலு கிலோ இருநூறு.
கிலோவுக்குப் பன்னிரண்டே முக்கால் யூனிட் சூடு,
ஆக நூற்று எண்பத்தொன்று.
ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போச்சு,
மிச்சம் நூற்று நாற்பத்தைந்து.
மூன்றால் வகு.
நாற்பத்தெட்டு, சொச்சத்துக்கு ஒன்று.
ஏற்கெனவே ஓடுவது நானூற்று முப்பது.
கூட்டினால் நானூற்று எழுபத்தொன்பது.
ஐந்நூறைத் தாண்டினால் ரேட்டே வேறு.
தாண்டாது என்று அடியில் கோடு கிழித்து
கையெழுத்தும் போட்டேன், பழக்கதோஷம்.

தையும் மாசியும் முடிந்து
ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதினார்:
ஐந்நூற்றுப் பதினேழு.

ஃபிரிட்ஜின் ரப்பரைப் பிடித்துப் பார்த்தேன்.
மோட்டாரை, இஸ்திரிப் பெட்டியை, கிரைண்டரை
ஒவ்வொன்றாய் விசாரித்தேன்.
"மனுசனைச் சந்தேகப்படுத மாதிரில்லா
மிக்ஸியைப் பாக்குறீய" என்றாள் சபூரா.

ஒருநாள் தூக்கம் வரவில்லை.
டார்ச்சோடு மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டேன்.
சிவப்புப் புள்ளி
ஆற அமர மினுங்கிக்கொண்டிருந்தது.
ஒன்றே முக்காலுக்கு
ஓட்டமெடுத்தது.

குளியலறைக் கதவின் கீழே வெளிச்சம்.
வாசலில் அனீஸின் பூட்ஸ்.
ஆம்புலன்ஸ் சட்டை, தனி வாளியில்,
சோப்பு நுரைக்குள் முங்கிக் கிடக்கிறது.
நாலுவழிச் சாலையில் எங்கே, யார், எத்தனை பேர்
என்று அவன் சொன்னதில்லை.
காலையில் தோசைக்குச் சட்னி கேட்பான், அவ்வளவுதான்.

முப்பத்தெட்டை மூன்றால் பெருக்கி
அறுபது நாளுக்குப் பிரித்துப் பார்த்தேன்.
ராத்திரிக்கு ஆறு வாளி.

கேஸ் கீசர் பொக்கென்று பற்றும்.
அந்தச் சத்தத்துக்கு நான் கட்டிலிலிருந்தே
"யாரு அது இந்நேரம்?" என்பேன்.
அதற்குப் பயந்து
இரண்டு வருஷமாகப் பச்சைத் தண்ணீரில்
தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.
சிலிண்டர் சரியாக இரண்டு மாதம் வருகிறதென்று
ஏஜென்சியில் பெருமை பேசியிருக்கிறேன்.

பங்குனிப் புழுக்கத்திலும் வெந்நீர்.
எது போவதற்கு எத்தனை வாளி என்று
எந்த அட்டவணையிலும் போட்டிருக்காது.
ரசீதைத் திருப்பி எழுதினேன்:
அடுத்த பில் ஐந்நூற்று இருபது, கூடவும் ஆகலாம்.
கோடு கிழிக்கவில்லை.

ஸ்டூலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.
மெஷின் ஓடுகிறது.
சூட்டைக் கறந்துவிட்ட காற்றை
பின்பக்கமாகத் துப்புகிறது.
பனிக்கட்டி வண்டி கடந்துபோனதுபோல
முழங்கால் வரைக்கும் சில்லென்று.
இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.
வரவில் எழுதவா, செலவில் எழுதவா?
சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு
அதன் எதிரே உட்கார்ந்தேன்.

கீழே தண்ணீர் நின்றது.
திரும்ப விழுந்தது.
திரும்ப நின்றது.
குளியலறை ஜன்னலிலிருந்து குரல்:
"மாடியில யாரு?"

"நாந்தாம்ல.
நீ குளி."